நடக்காமற் போனவற்றின் கணக்கு



கணக்காளனாகத் தொழில் பார்க்கும் ஒருவனுக்கு வைத்தியத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் வர்த்தகப் பட்டதாரி. நாடி பிடிக்கத் தெரியாது. ஆனால் இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டவர் வைத்தியராக இருந்தும் எங்கள் தொழில்காரரைப் போலப் பேரேடு வைத்தவர். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

தென் வேல்ஸில், போர்ட் டால்பொற் நகரிலிருந்து அஃபான் பள்ளத்தாக்கு வழியே உள்ளே போனால் கிளின்கொரூக் என்றொரு கிராமம் வரும். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்கக் கிராமம். 1961 இல் ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் அங்கு வந்து சேர்ந்தார். இலண்டனில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். பெரிய வைத்தியசாலை ஒன்றில் நிபுணராக இருந்திருக்கலாம். அவரோ நோயாளருக்கு நடுவிலேயே வீடெடுத்துக் குடியிருந்தார். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், நாடாளுமன்றத் தேர்தலிலும் மூன்று தடவை நின்றார், வெல்லவில்லை. அவருடைய அரசியல் எப்படியும் இருக்கட்டும், நாங்கள் பார்க்க வேண்டியது அவருடைய பதிவேட்டை.

அக்காலத்துக் குடும்ப வைத்தியம் எப்படி நடந்தது? வருத்தம் வந்தவர் வருவார், வைத்தியர் மருந்தெழுதிக் கொடுப்பார், அடுத்தவரைக் கூப்பிடுவார். வராதவரைப் பற்றி வைத்தியருக்குக் கவலையில்லை. குருதி அமுக்கம் என்ற நோயோ இந்த ஒழுங்குக்குள் அகப்படாது. அது நோகாது, இருமாது, காய்ச்சல் காட்டாது. பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ ஒரு நாள் வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்காரருக்கே தெரியும். 1967 இலும் 1970 இலும் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வுகள், அமுக்கத்தை மருந்தால் குறைத்தால் இந்த ஆபத்துகளும் குறையும் என்று நிறுவின. மருந்து கைக்கு வந்துவிட்டது. அது யாருக்குத் தேவை என்பதுதான் தெரியவில்லை.

1968 தொடக்கம் ரியூடர் ஹார்ட் அந்தப் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கினார். இருமலுக்கு வந்தாலென்ன, வேலைக்குப் போகாததற்குச் சான்றிதழ் வாங்க வந்தாலென்ன, வந்தவரின் கையில் பட்டியைச் சுற்றி அமுக்கத்தை அளந்து எழுதிவிடுவார். கடைசிவரை வராமல் இருந்தவர்களைத் தேடி அழைத்தார். தன் நோயாளர் அனைவரதும் குருதி அமுக்கத்தை அளந்த முதலாவது குடும்ப வைத்தியர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய மனைவி மேரியும் இந்த ஆய்வு வேலையில் பங்காளி.

அக்காலத்தில் வைத்திய உலகில் ‘பாதி விதி’ என்றொன்று பேசப்பட்டது. உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களில் பாதிப் பேரையே வைத்தியர்கள் அறிவார்கள். அறிந்தவர்களில் பாதிப் பேருக்கே சிகிச்சை நடக்கிறது. சிகிச்சை பெறுபவர்களில் பாதிப் பேருக்கே அமுக்கம் கட்டுக்குள் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: எட்டில் ஒருவர். எந்தக் கணக்காளரும் இப்படியொரு ஐந்தொகையில் கையொப்பமிட மாட்டார்.

1971 பெப்ரவரியில் ‘லான்செற்’ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைதான் அவரை உலகறியச் செய்தது. நல்ல வைத்திய வசதி எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்றும், வைத்தியம் சந்தைக்கு விடப்படும் அளவுக்கு இந்த நிலை மோசமாகும் என்றும் அதில் வாதிட்டார். இதற்குத் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று பெயர் வைத்தார். இதில் எங்கள் பக்கத்துச் சங்கதியும் ஒன்றுண்டு. பிரித்தானியப் பட்டதாரிகள் போக விரும்பாத இந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில், 1960களிலும் 70களிலும் குடும்ப வைத்தியராக இருந்தவர்களில் பலர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த விதி அவர்களுக்கு அன்றாட அனுபவம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இன்னொரு வேலை. தன் கிராமத்தில் தொடர்ச்சியாக நடந்த 500 மரணங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தவிர்த்திருக்கக்கூடியது ஏதும் இருந்ததா, இருந்தால் அது நோயாளியின் பக்கமா, வைத்தியசாலையின் பக்கமா, தன் பக்கமா என்று ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து ஆராய்ந்து 1987 இல் வெளியிட்டார். தன்னையே கணக்காய்வு செய்து முடிவை அச்சிலும் போடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

சரி, கண்டுபிடித்த பிறகு என்ன? இங்கேதான் பேச்சு வருகிறது. ‘சிகரட்டை விடு, குடியைக் குறை’ என்று ஒரு தடவை அதட்டிவிட்டு அனுப்பினால் யாரும் விடுவதில்லை. இது எங்கள் வீடுகளிலும் கண்ட விஷயம். தான் இருபத்தைந்து வருடம் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி ரியூடர் ஹார்ட் எழுதியிருக்கிறார். உயர் குருதி அமுக்கம், பருத்த உடல், புகை, மதுப்பழக்கம் எல்லாம் சேர்ந்தவர். அவரோடு 310 சந்திப்புகள், மொத்தம் 41 மணித்தியாலங்கள். வகுத்துப் பார்த்தேன்: ஒரு சந்திப்பு எட்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு தடவை. இன்றைக்கு எங்களுக்கு ஜி.பி. ஒதுக்கும் நேரத்தைவிட அது பெரிதல்ல. ஆனால் பார்த்தது ஒரே வைத்தியர். முதலில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தவர்கள் காலப்போக்கில் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். நோயாளி தன் சுகத்தைத் தானும் சேர்ந்தே உற்பத்தி செய்கிறார், அவர் வாடிக்கையாளர் அல்லர் என்பது இவருடைய கொள்கை.

பலன் என்ன? அந்த மனிதருக்குப் பாரிசவாதம் வரவில்லை. மாரடைப்பு வரவில்லை. சிறுநீரகம் பழுதாகவில்லை. வைத்தியருக்குத் திருப்தி தந்தவை இந்த ‘வரவில்லை’கள்தான். எங்கள் தொழிலில் இதற்குப் பற்றுச்சீட்டே கிடையாது. 41 மணித்தியாலம் செலவுப் பக்கத்தில் தெளிவாக விழும். வராத பாரிசவாதத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அரசாங்கங்கள் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட செலவுகளைத்தான்.

முழுக் கிராமத்தின் கணக்கு 1991 இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ சஞ்சிகையில் வந்தது. உயர் அமுக்கம் கண்டறியப்பட்ட 116 பேரின் சராசரி 186/110 இலிருந்து 146/84 ஆக இறங்கியிருந்தது. அவர்களில் புகைப்போர் 56 வீதத்திலிருந்து 20 வீதமாகக் குறைந்திருந்தனர். இத்திட்டம் இல்லாத அயற்கிராமத்தோடு ஒப்பிட்டபோது, 65 வயதுக்கு முந்திய மரணங்கள் 28 வீதமளவில் குறைவு. சின்னஞ்சிறு இடம், இரண்டே கிராமங்கள். அதோடு அந்தக் காலத்தில் நாடு முழுவதுமே புகைப்பழக்கம் குறைந்துகொண்டு வந்தது. எனவே முழுப் பெருமையையும் அவர் பெயரில் வரவு வைக்க நான் தயங்குவேன். ஆனாலும் 1970 இல் கிராமத்துச் சுரங்கம் மூடப்பட்டு வேலையின்மை வந்த பின்னரும் இது நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

2004 இல் பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் ஒப்பந்தம் மாறியது. அமுக்கத்தை அளந்து பதிந்தால் புள்ளி, புள்ளிக்குப் பணம். ரியூடர் ஹார்ட் தனியாகச் செய்ததை நாடே செய்யத் தொடங்கியது நல்லதே. ஆனால் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கும் வைத்தியர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். எண்ணக்கூடியதற்குத்தான் புள்ளி கொடுக்கலாம். அந்த 310 சந்திப்புகளில் வளர்ந்த நம்பிக்கைக்கு எத்தனை புள்ளி போடுவது?

ரியூடர் ஹார்ட் 2018 இல், தமது 91 ஆவது வயதில் காலமானார்.

எங்கள் வானொலிக்குத் தொலைபேசி எடுக்கும் மூத்த நேயர்கள் சிலர், “எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி, பிறகேன் ஜி.பி.யிட்டைப் போவான்?” என்று கேட்பார்கள். வேறு சிலர் பிறசர் குளிசையைப் போட்டுச் சுகம் கண்டதும் நிப்பாட்டிவிட்டதாகச் சந்தோசமாகச் சொல்வார்கள். மருந்தும் வாகனமும் இல்லாத யுத்த காலத்தில், தாங்க முடியாமல் போனால் மட்டுமே ஆஸ்பத்திரி என்று பழகிய சனம் நாங்கள். அந்தப் பழக்கம் விமானமேறி எங்களோடு வந்துவிட்டது. தெற்காசியருக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 2009 தொடக்கம், ஏற்கனவே இந்நோய்கள் இல்லாத 40 முதல் 74 வயதுவரையானவர்களுக்கு ஐந்து வருடத்துக்கொரு தடவை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் மின்சாரப் பட்டியலோடு சேர்ந்து லாச்சிக்குள் போய்விடுகிறது; எடுத்துப் பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நேரம் பதியும்போதே சொல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பதினான்கு வயதுப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் மறித்துக் கூட்டிப்போகத் தேவையில்லை; அப்பப்பா எவ்வளவு குடிக்கிறார் என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? போனால், உங்கள் இலக்கங்கள் இரண்டையும் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.