பெட்டிக்குள் தூங்கிய படம்

‘இந்த மாதிரிப் படமெல்லாம் எங்கே சார் பிடிக்கிறீங்க?’

கிண்டி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவன். நானும் பி.காம். என்பதால் ஒரு பாசம். எப்போது பார்த்தாலும் சினிமா பற்றித்தான் பேச்சு.

அன்றைக்கு டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டான். ‘ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பிடிக்குதுன்னு வெச்சுக்குங்க. அதைக் கிண்டல் பண்ணாம எடுத்த படம் நம்ம நாட்டுல இருக்கா?’

யாருக்காகக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ‘இருக்குப்பா. 1971-லயே இருக்கு. ஆனா அதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு’ என்றேன்.

அந்தக் கதைதான் இந்த வாரம்.

நாங்கள் டீ குடித்த அதே கிண்டியில் ஒரு காலத்தில் சினிமா ஸ்டூடியோ இருந்தது. வேல் பிக்சர்ஸ் ஸ்டூடியோ. பிறகு காபிக்குப் பேர் போன நரசு கைக்கு வந்து நரசு ஸ்டூடியோ ஆனது. இன்றைக்கு இரண்டுமே இல்லை. ஸ்டூடியோ போனால் போகட்டும், கட்டடம்தானே? படங்களே போய்விட்டால்?

போயிருக்கின்றன. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம். பார்க்கலாம் என்றால் ஒரு பிரிண்ட்கூட மிஞ்சவில்லை. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். போதாக்குறைக்கு, அதில் வெள்ளி உண்டு. ஓடி முடித்த படச்சுருளை எடைக்குப் போட்டு, வெள்ளியைப் பிரித்து எடுத்துக் காசாக்கியிருக்கிறார்கள். என் அக்கவுன்டன்ஸி வாத்தியார் பாஷையில் சொன்னால், ஓடி முடித்த படம் என்பது தேய்மானம் முழுசாக முடிந்த சொத்து. மிச்சம் இருப்பது ஸ்கிராப் மதிப்பு மட்டும்தான்.

முதல் பேசும்படத்துக்கே இந்தக் கதி. அப்படியானால் ஓடவே ஓடாத படத்துக்கு? அதுவும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தைப் பேசிய படத்துக்கு?

பிரேம் கபூர் இயக்கிய ‘பத்நாம் பஸ்தி’ என்கிற இந்திப் படம் அப்படிப்பட்டது. வருடம் 1971. இந்தி எழுத்தாளர் கமலேஷ்வரின் நாவலைத் தழுவியது. சர்நாம் சிங் என்று ஒரு பஸ் டிரைவர். கொள்ளைக்காரனும்கூட. பான்சுரி என்ற பெண் மீது அவனுக்குக் காதல். பஸ்ஸில் எடுபிடி வேலைக்குச் சேர்த்துக்கொண்ட சிவராஜ் என்ற இளைஞன் மீதும் காதல். இந்தியாவில் ஆணுக்கு ஆண் மீது வரும் அன்பைக் காட்டிய முதல் படம் என்று இன்றைக்குப் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். நடித்தவர்கள் நிதின் சேத்தி, அமர் கக்கட், நந்திதா தாக்கூர். ராஜேஷ் கன்னா கொடிகட்டிப் பறந்த நேரம் அது. இவர்களுக்காக யார் டிக்கெட் வாங்குவார்கள்? படம் வந்த சுவடு தெரியாமல் போனது. அப்புறம் படமே காணாமல் போனது. நாற்பது வருடங்களுக்கு மேல் அதைத் தொலைந்துபோன படம் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

2019-ல் திடீரென்று ஒரு பிரிண்ட் கிடைத்தது. எங்கே? மும்பையில் இல்லை, புனேயில் இல்லை. ஜெர்மனியில், பெர்லின் நகரத்து ‘ஆர்சனல்’ என்ற சினிமாக் காப்பகத்தில்!

கண்டுபிடித்தவர்கள் சிம்ரன் பல்லா, மைக்கேல் மெட்ஸ்கர் என்ற இருவர். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பிளாக் மியூசியத்தில் திரையிடுவதற்காகப் பழைய இந்தியப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர்க் காப்பகத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று துழாவியபோது, இந்தப் பெட்டி தட்டுப்பட்டது. 2020-ல் கொரோனா எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த நேரத்தில் படத்தை ஆன்லைனில் திரையிட்டார்கள். 49 வருடம் கழித்து இரண்டாவது ரிலீஸ்!

சரி, ஒரு இந்திப் படத்தின் பெட்டியை பெர்லின்காரர்கள் எதற்குப் பத்திரமாக வைத்திருந்தார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. உல்ரிச் கிரெகோர், எரிகா கிரெகோர் என்று ஒரு தம்பதி. 1971-ல் பெர்லின் திரைப்பட விழாவுக்குள் ‘ஃபோரம்’ என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். வியாபாரத்துக்கு ஆகாத படங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். காட்டி முடித்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். முடிந்தவரை ஒரு பிரிண்ட்டைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்து சேர்ந்து வளர்ந்ததுதான் ஆர்சனல் காப்பகம். வியாபாரி ஸ்கிராப் என்று தள்ளியதை விழாக்காரர் சொத்து என்று வரவு வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பால்புதுமையினர் சினிமாவின் வரலாற்றைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், வழி நெடுக இப்படி ஒரு விழாக்காரர் நிற்கிறார். 1977-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் சில இளைஞர்கள் தாங்களே எடுத்த சூப்பர்-8 படங்களைப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி ஓட்டினார்கள். நம்ம ஊரில் திருவிழாவுக்கு வேட்டி கட்டிப் படம் காட்டுவது மாதிரி. அதுதான் இன்றைக்கு ‘ஃபிரேம்லைன்’ என்ற பெரிய விழா. பெர்லின் விழாவில் 1987 முதல் இத்தகைய படங்களுக்கென்றே ‘டெடி’ விருது தருகிறார்கள். முதல் வருடம் வாங்கியவர்களில் ஒருவர் ஸ்பெயின் இயக்குநர் பெட்ரோ அல்மொதோவார். அன்றைக்கு அவரை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு அவர் எந்த உயரத்தில் இருக்கிறார் என்று சினிமா ரசிகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்தியாவில்? தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ ஞாபகம் இருக்கும். 1996-ல் டொரன்டோ விழாவில் கைதட்டல் வாங்கிய படம். நம் சென்சார் போர்டு ஒரு காட்சியைக்கூட வெட்டவில்லை. ஒரு பெண் பாத்திரத்தின் பெயரான சீதாவை மட்டும் நீதா ஆக்கச் சொன்னது. 1998 நவம்பரில் தியேட்டருக்கு வந்தது. டிசம்பர் 2 அன்று மும்பையிலும் மறுநாள் டெல்லியிலும் சிவசேனைக்காரர்கள் தியேட்டர் கண்ணாடியை உடைத்தார்கள். படம் மறுபடி சென்சாருக்குப் போனது. 1999-ல் அதே படம் வெட்டில்லாமல் திரும்பி வந்தது.

தியேட்டர்காரர் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு கரன்ட் பில், சம்பளம், வட்டி எல்லாம் உண்டு. உடைந்த கண்ணாடியும் அவர் கணக்கில்தான் ஏறும். விழாக்காரருக்கு அந்தக் கவலை குறைவு. இரண்டு காட்சி ஓட்டினால் போதும். விழாவில் காட்டுவதற்கு மத்திய அரசிடம் விலக்கு வாங்கிவிட்டால் சென்சார் சான்றிதழும் தேவையில்லை. அதனால்தான் துணிச்சலான படங்கள் முதலில் அங்கே தலை காட்டுகின்றன.

மும்பையில் 2010-ல் ஸ்ரீதர் ரங்கயன் ‘கஷிஷ்’ விழாவைத் தொடங்கினார். நம் சென்னையும் சும்மா இருக்கவில்லை. 2013-ல் ‘ஓரினம்’ போன்ற அமைப்புகளின் முயற்சியில் ‘ரீல் டிசையர்ஸ்’ விழா பிறந்தது. நுங்கம்பாக்கம் கதே இன்ஸ்டிடியூட்டில் இலவசமாகப் படம் பார்க்கலாம். அதே வருடம் டிசம்பர் 11 அன்று, 377-வது சட்டப்பிரிவு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2009-ல் டெல்லி ஹைகோர்ட் தந்த விடுதலை போயே போச்சு. வெளியே சட்டம் குற்றவாளி என்றது. உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அவர்கள் கதையைத் திரையில் காட்டினார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் விழாவை விடாமல் நடத்தினார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது.

‘லிஸ்ட் கேட்டா ஹிஸ்டரி சொல்றீங்களே சார்’ என்றான் தம்பி. நியாயம்தான். விழாக்கள் வழியாக வந்த படங்களில் மூன்றைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஒன்று, ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடமை’. தமிழ்ப் படம். காதலிக்கும் ஆளை வீட்டுக்குக் கூட்டி வா என்கிறார் அம்மா. வந்து நிற்பது ஒரு பெண். முற்போக்கு பேசிய அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. அம்மாவாக ரோகிணி, மகளாக லிஜோமோல். கோவா திரைப்பட விழாவில் 2023 நவம்பரில் காட்டினார்கள். தியேட்டருக்கு வந்தது 2025 காதலர் தினத்தன்று. இடையில் 15 மாதம்!

இரண்டு, ஜியோ பேபியின் மலையாளப் படம் ‘காதல் - தி கோர்’. தேர்தலில் நிற்கும் நடுத்தர வயதுக் கணவராக மம்மூட்டி. அவர் ஓரினச்சேர்க்கையாளர் என்று மனைவி விவாகரத்து கேட்கிறார். இதுவும் 2023 கோவா விழாவில் காட்டப்பட்டது. ஆனால் அதே நவம்பரில் தியேட்டருக்கும் வந்துவிட்டது. சூப்பர் ஸ்டார் கூட இருந்தால் காத்திருப்பு எவ்வளவு குறைகிறது பாருங்கள்.

மூன்று, ரோஹன் கனாவடேயின் மராத்திப் படம் ‘சாபர் போண்ட’. நம்ம பாஷையில் சப்பாத்திக்கள்ளிப் பழம். அப்பா இறந்து பத்து நாள் துக்கத்துக்காகக் கிராமத்துக்குப் போகிறான் மும்பை இளைஞன். எப்போது கல்யாணம் என்று சொந்தபந்தம் குடைகிறது. அங்கே பழைய சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் 2025-ல் உலக சினிமாப் பிரிவின் உச்சப் பரிசு இதற்குத்தான். அதே செப்டம்பரில் இங்கேயும் வெளியானது. சத்தமே இல்லாத படம். பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு விண்ணப்பம். அடுத்த முறை உங்கள் ஊரில் திரைப்பட விழா நடந்தால் அட்டவணையை வாங்கிப் பாருங்கள். கேள்விப்படாத இயக்குநர், முகம் தெரியாத நடிகர் என்று ஒரு படம் இருக்கும். அதற்கு ஒரு தடவை போய் உட்காருங்கள். யாரோ ஒருவர் நூறு படங்களைப் பார்த்துவிட்டு அதை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறார். நாற்காலி காலியாக இருந்தால் அவர் வேலை பாதியில் நிற்கும். பெட்டி மறுபடி தூங்கப் போய்விடும்.

பத்து நாள் கழித்துத் தம்பி போன் செய்தான்.

‘அந்தத் தமிழ்ப் படத்தைப் பார்த்துட்டேன் சார்.’

‘எப்படி இருந்துச்சு?’

‘அம்மாவோட உட்கார்ந்து பார்த்தேன்.’

அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.