நட்டுகினு

எங்க ஆயா பேசிய வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. 2019இல் எடுத்தது. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் ஒருவன் நல்ல கேமராவும் சட்டையில் குத்தும் மைக்கும் கொண்டுவந்து, சென்னீர்குப்பம் வீட்டுத் திண்ணையில் ஆயாவை உட்காரவைத்து எடுத்தான். 41 நிமிடம். ஆயா இப்போது இல்லை.

போன மாதம் அந்தக் கோப்பைப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டேன். "அப்போ இங்க எல்லாம் கழனிதான், நாத்து நட்டுகினு இருப்போம்" என்று ஆயா சொன்னது திரையில் "நாட்டு நாட்டுக்கு இருப்போம்" என்று வந்தது. சிரித்துவிட்டு இன்னொன்றில் போட்டேன். அது "நாற்று நட்டுக்கொண்டிருப்போம்" என்று எழுதியது. பிழையே இல்லை. எனக்கு முதலாவதைவிட இதுதான் எரிச்சலாக இருந்தது. ஆயா தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட 'கொண்டிருப்போம்' என்று சொன்னது கிடையாது.

இதற்கு வேறு யாராவது வழி கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தேடப்போய்த்தான் செக் மொழியிடம் வந்து சேர்ந்தேன்.

அங்கேயும் நம்மைப்போல எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. ஜன்னலுக்கு எழுத்தில் 'ஒக்னோ'. பிராக் நகரத்து வாயில் அது 'வொக்னோ'. நாம் 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்று சொல்வதில்லையா, அதே கதைதான். 'நல்ல' என்பதற்கு எழுத்தில் 'தொப்ரீ', பேச்சில் 'தொப்ரேய்'. பிராகில் பிறந்த கமில் சுவெலபில் 1959-60லேயே தமிழ் வட்டார வழக்குகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். சங்கப் பாட்டைப் படித்த மனிதர் தெருப்பேச்சுக்கும் காது கொடுத்ததற்கு அவருடைய தாய்மொழியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' எடுத்த கையோடு 1994இல் ஸ்பீல்பெர்க் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நாஜிப் படுகொலையிலிருந்து பிழைத்தவர்களை வீடு வீடாகப் போய் வீடியோ எடுப்பது அதன் வேலை. 32 மொழிகளில் சுமார் 52,000 பேர், 1,16,000 மணி நேரம். எல்லாம் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் பீட்டாகேம் நாடாக்களில், ஒவ்வொன்றும் 30 நிமிடம். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தனித்தனி மைக். ஒருத்தர் நாளுக்கு எட்டு மணி நேரம், லீவே போடாமல் கேட்டால் முடிக்க 40 வருஷம் ஆகும். பிழைத்தவர்கள் பேசிவிட்டார்கள், யார் எங்கே என்ன சொன்னார் என்று தேடத்தான் வழியில்லை.

அதற்காக 2001இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் 'மலாக்' என்ற திட்டம் ஆரம்பமானது. எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குத் தேவதூதர் என்று அர்த்தம். ஐபிஎம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மேரிலாண்ட் என்று பலர் சேர்ந்தார்கள். செக் மொழிப் பொறுப்பு பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்துக்கும், பில்சென் நகரத்து மேற்கு பொஹீமியப் பல்கலைக்கழகத்தில் யோசெஃப் ப்சுட்காவின் குழுவுக்கும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேச்சு ஆய்வு மையத்துக்கு அப்போது தலைவர் ஃப்ரெட் யெலினெக். 1932இல் செக் நாட்டுக் கிளாட்னோவில் பிறந்தவர். யூதரான அப்பா தெரேசின் முகாமில் இறந்தார். 1949இல் அமெரிக்கா போன மகன், பிற்பாடு ஐபிஎம்மில் பேச்சறிதலின் அடிப்படையையே மாற்றினார். இலக்கண விதிகளை இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டாம், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும் என்பது அவருடைய கட்சி. மொழியியலாளர் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும்போதெல்லாம் இயந்திரத்தின் துல்லியம் ஏறுகிறது என்று அவர் சொன்னதாக எங்கள் துறையில் ஒரு ஜோக் இன்னும் ஓடுகிறது.

ஆனால் எண்ணுவதற்கு முதலில் எதை ஒரு சொல் என்று எடுத்துக்கொள்வது? பில்சென்காரர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். 336 பேரின் பேச்சில் ஆளுக்கு 15 நிமிடம் எடுத்து, மொத்தம் 84 மணி நேரத்தைக் கையால் எழுதவைத்தார்கள். வாயில் வந்தபடியே எழுதச் சொன்னார்கள். ஒரே சொல் நான்கு வேஷத்தில் வந்தது. நம் ஊர்க் கணக்கில் வந்துவிட்டது, வந்துட்டுது, வந்துடுச்சு, வந்துட்சி. இயந்திரத்துக்கு இவை நான்கு வேறு சொற்கள். நூறு தடவை வந்திருக்க வேண்டியது இருபத்தைந்து இருபத்தைந்தாகச் சிதறிப்போகும். ஏற்கெனவே ஏழு வேற்றுமையோடு ஒவ்வொரு பெயரும் பெருகுகிற மொழி அது. செய்தித்தாள் வாக்கியங்களை ஊட்டினாலும் சரிவராது, முகாமிலிருந்து மீண்ட பாட்டி செய்தித்தாள் மாதிரி பேசமாட்டார்.

அவர்கள் செய்த காரியம் எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. ஆட்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு கொச்சைச் சொல்லுக்கும் பக்கத்தில் அதன் எழுத்து வடிவத்தைக் குறித்தார்கள். எண்ணும்போது எழுத்து வடிவம். காதால் அடையாளம் காணும்போது 'வொக்னோ'வும் 'ஒக்னோ'வின் இன்னோர் உச்சரிப்பு. பிழை விகிதம் இறங்கியது. அந்த ஜோக்கை நம்புகிறவர்கள் கவனிக்கலாம், இறக்கியது மொழி தெரிந்த ஆட்களின் கைவேலை.

இயந்திரம் கடைசியில் துப்புவது எழுத்துச் செக்தான். அதில் எனக்குக் குறை உண்டு. ஆனால் கையால் எழுதிய மூலத்தில் வாய்ச்சொல் அப்படியே இருக்கிறது, அதை அழித்துவிட்டுத் திருத்தவில்லை. பிராகில் 2010இலிருந்து இயங்கும் மலாக் மையத்தில் உட்கார்ந்து அந்த வீடியோக்களைப் பார்க்கவும் முடியும்.

தமிழுக்கு இந்த வேலை தாமதமாக வந்தது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்பில், 22 இந்திய மொழிகளில் சாதாரண மனிதர்கள் பேசியதைச் சொன்னபடி ஒன்று, சீராக்கியது ஒன்று என்று இரண்டு படியாக எழுதியிருக்கிறார்கள். பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. நம் மேடைப் பேச்சையும் புத்தகத்தையும் மட்டும் தின்று வளர்ந்த மென்பொருள்தான் ஆயாவுக்குக் கொண்டிருப்போம் போட்டது.

நானும் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். இடது பக்கம் ஆயா சொன்னது, வலது பக்கம் தேடுவதற்கான தமிழ். ராத்திரி வேலை முடிந்தபின் தட்டுகிறேன். 11 நிமிடம் முடிந்தது. 12ஆவது நிமிடத்தில் ஆயா, "மதகாண்ட இஸ்துகினு பூட்ச்சி" என்கிறது. தண்ணீர் எதை இழுத்துக்கொண்டு போனது, மாட்டையா ஆளையா என்று எனக்குப் புரியவில்லை. இடது பத்தியை நிரப்பிவிட்டேன். வலது பத்திக்காகப் பெரியப்பாவுக்கு போன் போட்டிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை.