ரங்கூன் கல்லறையும் ஹவுரா குடிசையும்

ஹவுராவின் ஷிப்பூரில் பள்ளி மாணவிகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மரபியல் பாடம் தொடங்கினால் வகுப்பு மெண்டலின் பட்டாணிச் செடியோடு நிற்காது. "திதிமணி (டீச்சர்), எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் முப்பாட்டன் யாரென்று சொல்லிவிடுகிறார்களாமே! நம்ம ஊர் பேகத்துக்கும் அதைச் செய்துவிடலாமே?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். எந்த பேகம் என்று ஹவுராக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஹவுராவின் குடிசைப் பகுதியில் வாழ்பவர் சுல்தானா பேகம். தேநீர்க் கடை நடத்திப் பிழைத்தவர். அவருடைய கணவர் மிர்சா முகமது பேதார் பக்த், கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபரின் கொள்ளுப்பேரன் என்று 1960-இல் இந்திய அரசு ஏற்று ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. 1980-இல் அவர் இறந்தபின் அது மனைவிக்கு வந்தது. மாதம் 6,000 ரூபாய் என்று செய்திகளில் படித்திருக்கிறேன். செங்கோட்டையைக் கொடுங்கள், இல்லையென்றால் இழப்பீடாவது கொடுங்கள் என்று 2021-இல் அவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டார்.

அரசிழந்தவர்களின் பிள்ளைகள் ஹவுராவும் கல்கத்தாவும் இருக்கும் ஹூக்ளி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. கல்கத்தா ஆங்கிலேயரின் தலைநகரம். சந்தேகத்துக்குரியவர்களைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள அதைவிட வசதியான ஊர் அவர்களுக்கு இல்லை. இந்த வரிசை நம் வேலூரிலிருந்தே தொடங்குகிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தின் மீது பழி விழுந்தது. அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்புவின் மகன் குலாம் முகமது 1842-இல் கட்டிய பள்ளிவாசல் கல்கத்தாவின் தர்மதலா முனையில் இருக்கிறது. அடுத்து அவத் நவாப் வாஜித் அலி ஷா. 1856-இல் அரசு பறிபோய்க் கல்கத்தாவின் மேட்டியாபுரூஜில் குடியேறினார், 1887-இல் அங்கேயே இறந்தார். எங்கள் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் கரையில் நின்றால் எதிரே தெரிவது அந்த ஊர்தான்.

ஜாபரும் இந்த ஆற்று வழியாகத்தான் நாட்டைவிட்டுப் போனார். 1857 கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, செப்டம்பரில் அவருடைய மகன்கள் மிர்சா மொகல், கிஸ்ர் சுல்தான் இருவரையும் பேரன் அபூபக்கரையும் ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் சுட்டுக் கொன்றான். மறுவருடம் டிசம்பரில் கிழவரையும், மனைவி ஜீனத் மஹலையும், உயிரோடு மிஞ்சிய மகன்களில் ஒருவரான ஜவான் பக்தையும் டயமண்ட் ஹார்பரில் கப்பலேற்றி ரங்கூனுக்குக் கொண்டுபோனார்கள். ஜவான் பக்தின் மகன் ஜம்ஷித் பக்த். அவருடைய மகன்தான் ஹவுராவில் வாழ்ந்த பேதார் பக்த்.

இனி மாணவிகளின் கேள்வி. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் பாதிதான் பிள்ளைக்கு இறங்குகிறது. கொள்ளுப்பேரனிடம் ஜாபருடைய பங்கு ஏறக்குறைய எட்டில் ஒன்று, அந்தக் கொள்ளுப்பேரனின் பிள்ளைகளிடம் பதினாறில் ஒன்று. இப்படியே இன்னும் பல தலைமுறை போனால், ஒரு குறிப்பிட்ட முன்னோரின் துண்டு ஒன்றுகூட உடம்பில் தங்காமல் போகலாம். உறவு உண்மையாகவே இருக்கும், சோதனையில் தெரியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் அதிகம் மாறாமல் இறங்கும் இரண்டைத் தேடுகிறார்கள். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போனாலும், மகள்கள் வழியாகத்தான் தொடரும். ஜாபர் முதல் பேதார் பக்த் வரை எல்லோரும் ஆண்கள், ஆகவே ஒய் வழி அறுபடவில்லை. ஆனால் எதோடு ஒப்பிடுவது?

ஒப்பிட ஜாபரின் எலும்பு வேண்டும். 1862 நவம்பர் 7 அன்று அவர் ரங்கூனில் இறந்த நாளிலேயே புதைத்து, இடம் தெரியாதபடி மேலே புல் பதித்துவிட்டார்கள். 1991-இல் ஏதோ வேலையாக மண் தோண்டியவர்கள் செங்கல் கட்டிய குழியைக் கண்டார்கள். இன்று அது தர்கா. மக்கள் அவரை ஞானியாக வைத்து வணங்குகிறார்கள். ஒரு வழக்குக்காக அந்தக் குழியைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. வம்சத்தின் காகிதங்களைக் காத்து, நீதிமன்றப் படியேறியவர் சுல்தானா பேகம். அவர் மருமகளாக வந்தவர், ஜாபரின் மரபணுவை அவரிடம் தேடிப் பயனில்லை. குடும்பத்தின் நினைவைச் சுமப்பவரைச் சோதனைக் குழாய் அந்நியராக்கிவிடும்.

முகலாயர் என்றாலே செங்கிஸ்கான் ரத்தம் என்று பேசுவதும் இங்கே வழக்கம். பசிபிக் கரையிலிருந்து மத்திய ஆசியா வரை ஏறத்தாழ 8 சதவீத ஆண்களிடம் ஒரே ஒய் வகை பரவியிருப்பதை 2003-இல் ஓர் ஆய்வு கண்டது. அது செங்கிஸ்கான் வழியாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். அவருடைய கல்லறை கிடைக்காதவரை அதற்கு மேல் சொல்ல முடியாது. அந்த ஊகமே சரியென்றாலும், பாபருக்குச் செங்கிஸ் உறவு தாய்வழியில். தந்தைவழி தைமூருடையது. ஆக அந்த ஒய்யை முகலாய இளவரசர்களிடம் எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

மரபணு உதவிய நிகழ்வு இந்தியாவில் ஒன்று உண்டு. 1624-இல் ஈரானில் கொல்லப்பட்ட ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தெவானின் எலும்பு, பழைய கோவாவின் புனித அகஸ்டின் ஆலயத்தில் வைக்கப்பட்டதாகப் போர்ச்சுகீசியக் குறிப்புகள் சொல்லின. அவை காட்டிய இடத்தைத் தோண்டியவர்களுக்கு எலும்பு கிடைத்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் தங்கராஜ் குழுவினர் அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தார்கள். இந்தியர்களிடம் காணக் கிடைக்காத, ஜார்ஜியாவில் இருக்கிற வகை அது. 2021-இல் இந்தியா அந்த எலும்பில் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கே கொடுத்தது. இடத்தையும் பெயரையும் சொன்னது ஏடு, அதோடு பொருந்துகிறது என்றது மரபணு. ஏடு இல்லாதிருந்தால் அந்த ஆய்வகத்தால் கெத்தெவான் என்ற பெயரைச் சொல்லியிருக்கவே முடியாது.

ஹவுராவிலும் ஏடு இருக்கிறது, 1960-இல் அரசே எழுதியது. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் 150 ஆண்டுக்கு மேலான தாமதத்தைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளியது. 2024-இல் மேல்முறையீடும் தாமதத்தால் போயிற்று. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், செங்கோட்டை மட்டும் ஏன், ஃபதேபூர் சிக்ரி வேண்டாமா என்று கேட்டுத் தள்ளுபடி செய்தது. அந்தக் கேள்வியைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு வலித்தது. கோட்டை யாருக்கும் திரும்பாது என்பது எனக்கும் தெரியும், அது நாட்டின் சொத்து. ஆனால் கோட்டை இல்லை என்ற அந்தத் தீர்ப்புகள் எதுவும், பேதார் பக்த் ஜாபரின் வாரிசு என்ற 1960-ஆம் ஆண்டு அங்கீகாரத்தை ரத்து செய்யவில்லை.