நூறைத் தொட்டால் நடுங்கும் கார்

ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாயிலோ அதற்கப்பாலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்தை ஷேக் முகமது பின் சாயித் சாலையில் (இ311) கழிக்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை சத்தமில்லாமல் ஓடும் கார், 100-ஐத் தொட்டதும் ஸ்டியரிங்கை உதறத் தொடங்குவதும், 120-ஐ நெருங்கியதும் ஓரளவு அடங்குவதும் இவர்களில் பலருக்குப் பழகிப்போன விஷயம். "கொஞ்சம் வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது" என்று அப்படியே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு.

பொறியியலில் முதுகலை படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். நிரலில் பிழை தேடுவதற்கும் காரில் அதிர்வின் மூலத்தைத் தேடுவதற்கும் வழிமுறை ஏறக்குறைய ஒன்றுதான். எப்போது வருகிறது, எங்கே வருகிறது, எந்த நிலையில் மறைகிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 195/65 ஆர்15 என்ற அளவுள்ள டயர், சிறிய செடான் கார்களில் பரவலாகக் காணப்படுவது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 120 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. அதாவது சக்கரம் நொடிக்குப் பதினாறு, பதினேழு முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும். மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 60 கி.மீ.யில் அதே 20 கிராம் ஒரு கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். ஊருக்குள் தெரியாத கோளாறு நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான்.

அப்படியானால் 120-இல் இன்னும் மோசமாக அல்லவா ஆக வேண்டும்? இங்கேதான் ஒத்ததிர்வு வருகிறது. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பு அதிர்வெண் கொண்டவை. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை. சக்கரம் சுற்றும் வேகம் அந்த எண்ணோடு பொருந்தும்போது நடுக்கம் பெரிதாகிறது, தாண்டியதும் குறைகிறது. ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் உயர எழுவது போல. ஆனால் அந்த 20 கிராம் எங்கும் போய்விடவில்லை. முன்னிலும் பலமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நம் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி கேள்விகள். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரங்கள். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்கள். முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டபின் நடுக்கமும் இடம் மாறினால், கோளாறு டயரிலோ ரிம்மிலோதான். சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டியதில்லை.

பிரேக்கில் கால் வைக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க் சீராகத் தேயவில்லை என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் அச்சின் உள்பக்க மூட்டைப் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் இஞ்சினை அதே சுழற்சிக்கு உயர்த்தினாலும் நடுக்கம் வந்தால் சக்கரத்தை விட்டுவிடலாம். இஞ்சினோ அதைத் தாங்கும் ரப்பர் மவுன்டோதான் காரணம். பெரிய நாற்சக்கர இயக்க வண்டிகளில் உதறலாக இல்லாமல் ரீங்காரம் போல வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். அது சக்கரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவது.

வீல் அலைன்மென்ட் வேறு, வீல் பேலன்ஸிங் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலைன்மென்ட் சரியில்லையென்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும். சீரான உதறலுக்கு அது நேரடிக் காரணமாவது அரிது. நடுக்கத்துக்கு முதல் மருந்து பேலன்ஸிங்தான்.

வளைகுடாவுக்கே உரிய காரணங்களும் சில உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பினால், வெயிலில் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர்கள் அடியில் சற்றே தட்டையாகியிருக்கும். காற்றுச் சரியாக இருந்து கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால் பெரும்பாலும் இது சரியாகும். ஆகவில்லையென்றால் டயரை மாற்ற வேண்டியதுதான். வார இறுதியில் ஹத்தா பக்கம் வாடிகளில் ஓட்டி வந்தால், ரிம்மின் உட்புறம் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். பேலன்ஸிங்குக்குக் காசு கொடுக்கும் முன் தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள்.

இவையெல்லாம் தொல்லைகள். உயிருக்கு ஆபத்தானது வேறொன்று. அது புதிதாகத் தோன்றி, நாளுக்கு நாளோ நிமிடத்துக்கு நிமிடமோ வளர்ந்து, குறைந்த வேகத்திலும் தட் தட் என்று தெரியும் அதிர்வு. டயரின் மேல்தோல், அதாவது தரையில் படும் பட்டன் பகுதி, உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பி அடுக்கிலிருந்து பிரியத் தொடங்கியிருக்கலாம். வெப்பம், குறைந்த காற்று, அதிக பாரம், தொடர்ந்த வேகம் ஆகிய நான்கும் சேர்ந்தால் இது விரைவாக நடக்கும். ஆகஸ்டு மாதத்து வளைகுடா நெடுஞ்சாலையில் நான்கும் சேர்ந்தே கிடைக்கும்.

இதில் ஒரு வரலாறும் உண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் இப்படிப் பிரிந்து வண்டி கவிழ்ந்த விவகாரம் அமெரிக்காவை உலுக்கியது 2000-ஆம் ஆண்டில். அந்த ஆகஸ்டு 9-ஆம் தேதி 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இறந்தவர்கள் 200-க்கும் அதிகம். ஆனால் சவுதி அரேபியாவிலிருந்து புகார்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1999-லேயே சவுதியிலும் அண்டை நாடுகளிலும் ஃபோர்டு டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மணலில் காற்றைக் குறைத்து ஓட்டுவது போன்ற உள்ளூர்ப் பழக்கங்களே காரணம் என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. எச்சரிக்கை இங்கிருந்துதான் கிளம்பியது. அதை இவ்விடத்து விசித்திரமாக எடுத்துக்கொண்டார்கள். 2000 நவம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் வழியாகத்தான் டயர் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அங்கே விற்கும் புதிய கார்களில் கட்டாயமானது.

ஆகவே டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. அமீரகத்தில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட டயர்களுக்கு அனுமதியில்லை. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் வயது வயதுதான். பழைய டயரை மலிவாக வாங்குகிறவர்கள் இந்த நான்கு இலக்கங்களைப் படித்துவிட்டு வாங்கட்டும்.

வளரும் அதிர்வை உணர்ந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட்டு, ஹசார்டு விளக்கைப் போட்டு வலது ஓரம் ஒதுங்குங்கள். போக்குவரத்து ஓடும் பக்கம் இறங்காமல், தடுப்புக்கு அப்பால் குடும்பத்தை நிறுத்திவிட்டு, பிறகு டயரைப் பாருங்கள். புடைப்போ வீக்கமோ தெரிந்தால், "வீடுவரை போய்விடலாம்" என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். ரெக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் இருநூறு முன்னூறு திர்ஹம் பெரிய செலவில்லை.