வீட்டுக்காரியின் கையொப்பம்: கல்முனைக் கரையில் பெண்ணிய எதிர்ப்பின் வாதங்கள்

பெண்ணியம் மேற்கிலிருந்து வந்த சரக்கு, குடும்பத்தைக் குலைக்கும் என்ற பேச்சு இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடையே பழகிப்போன ஒன்று. இதை மறுக்க மேற்கத்திய நூல்களைப் புரட்டத் தேவையில்லை. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வளவின் உறுதியை எடுத்துப் பார்த்தாலே போதும்.

அதில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். உம்மாவின் வீடு ஒரு மகளுக்குப் போகும். அடுத்தவளுக்கு அதே வளவிலோ பக்கத்திலோ புதுவீடு எழும்பும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். குடியும் தாய்வழியே தொடரும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஷரீஅத்தின் வாரிசுப் பங்கில் மகளுக்கு மகனின் பாதிதான். ஆனால் வாப்பா உயிரோடிருக்கையிலேயே வீடு மகள் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். பங்கு பிரிக்கும் நாளில் பிரிக்க வீடு மிஞ்சாது.

அந்த வீட்டு விறாந்தையிலேயே நிக்காஹ் நடக்கிறது. பாய் விரித்து, பதிவேடு திறக்கப்படுகிறது. மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார், பெண்ணின் பாதுகாவலரான வலீ ஒப்பமிடுகிறார். வீட்டுக்காரி உள்ளறையில் இருக்கிறாள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவளுடைய ஒப்பத்தைக் கேட்கவில்லை. விவாகரத்து வழக்கை விசாரிக்கும் காதி ஆணாக இருக்க வேண்டும் என்கிறது. கணவன் தலாக்குக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனைவி பஸஹ் எனும் விவாகரத்தைக் கோரினால் கணவனின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். 1995இல் பிறருக்குத் திருமண வயது 18 ஆனபோது இச்சட்டம் தொடப்படவில்லை. அதில் 12 வயதுக்குக் குறைந்த சிறுமிக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்ற தடை மட்டுமே இருந்தது.

‘நமது மரபு’ என்று காக்கப்படுவது எது? 1806இன் முகம்மதியச் சட்டக்கோவை, 1929இன் கட்டளைச் சட்டம் என்று குடியேற்ற ஆட்சியின் ஏடுகள் வழியே இறங்கி வந்த ஒரு நியதிச் சட்டம். காலடியில் கிடக்கும் தாய்வழி மரபைக் கண்டுகொள்ளாமல் இதற்காக வாதாடுவோரை மரபுவாதிகள் என்று அழைக்க எனக்குத் தயக்கம்.

பெண்ணியர் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. சீதன ஒழிப்பு என்ற முழக்கத்தில் அவர்களும் தௌஹீத் பிரசாரகர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், காரணங்கள்தான் வேறு. சீதனத்தில் கைக்கூலி ஒன்று, வீடு இன்னொன்று. மாப்பிள்ளை கைக்குப் போகும் பணத்தை ஒழிக்கட்டும். வீட்டையும் சேர்த்து ஒழித்தால் இக்கரைப் பெண் மாமியார் வீட்டுக்குக் குடிபோவாள். பிணக்கு வந்தால் வெளியேற வேண்டியவளும் அவளாகவே இருப்பாள். இன்று வெளியேறுபவன் கணவன். அந்த வீட்டைக் கட்ட வாப்பாவும் காக்காமாரும் வளைகுடாவில் உழைத்துத் தேய்வதும், வீடு கட்ட வழியற்ற குமர்கள் காத்திருப்பதும் பொய்யல்ல. ஆனாலும் சுமை பெரிது என்பதற்காகச் சொத்தைக் கைவிடச் சொல்வது விசித்திரமான விடுதலை.

சட்டத் திருத்தக் கோரிக்கையும் மேற்கு நேற்றுக் கொண்டுவந்ததல்ல. முஸ்லிம் பெண்கள் ஆய்வு மற்றும் செயல் முன்னணி 1980களிலிருந்தே இதைப் பேசிவருகிறது. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை தந்தது, அதுவும் இரு தரப்பாகப் பிளந்து. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் பௌத்த பிக்கு அத்துரலியே ரத்தன தேரர் போன்றோர் இச்சட்டத்தையே நீக்கக் கோரியபோது, முஸ்லிம் பெண்ணின் குறை முஸ்லிம்களை அடிக்கும் தடியானது. ‘இப்போது பேசாதீர்கள்’ என்ற குரல் உள்ளிருந்து உரக்க எழுந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் பேசுவதற்கு உகந்த வேளையை அக்குரல் ஒருநாளும் குறித்துத் தந்ததில்லை.

அரசும் இந்தத் தாய்வழி வீட்டு மரபை அறியாமலே நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளில் பல பெண்களின் பெயரில் இருந்தவை. மீள்குடியேற்றப் படிவமோ குடும்பத் தலைவர் யார் என்று கேட்டது. பல இடங்களில் அந்தக் கோட்டில் கணவன் பெயர் எழுதப்பட்டது. சீதனமாக வந்த வளவு 200 மீற்றர் கரையோரத் தடைவலயத்துக்குள் போக, மாற்றாகக் கிடைத்த வீட்டுக்கு அவர் உரிமையாளரானார். இதை எதிர்த்து எந்த மிம்பரிலும் மரபு அழிகிறது என்ற குரலை நான் கேட்டதில்லை.