உரிமம், கட்டணம், முறைப்பாடு: மலையகத்திலிருந்து பார்க்கும் இலங்கை மின்சாரச் சட்ட வரலாறு

இலங்கையின் மின்சாரச் சட்டங்களைக் கால வரிசையில் வாசித்தால் மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருப்பது தெரிகிறது. மின்சாரத்தை உற்பத்தி செய்ய யாருக்கு உரிமை? அதன் விலையைத் தீர்மானிப்பது யார்? குறையுள்ளவர் யாரிடம் முறையிடுவது? முதல் இரண்டுக்கும் சட்டம் தெளிவான விடை தந்துவிட்டது. மூன்றாவதற்குத் தந்த விடையோ, மின்பட்டியலில் தன் பெயர் உள்ளவருக்கே இன்றுவரை முழுமையாகப் பயன்படுகிறது. கந்தப்பளையைச் சுற்றியுள்ள தோட்ட லயங்களை வைத்து இக்கட்டுரை அதை விளக்க முயல்கிறது.

ஓடையிலிருந்து சபை வரை

மலையகத்தில் மின்சாரம் முதலில் தொழிற்சாலைக்காகவே வந்தது. தேயிலை அரைக்கும் உருளைகளைச் சுழற்ற நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் சிறு நீர்மின் பொறிகளை அமைத்தன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நுவரெலியா நகருக்காக நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூலில் ஒரு சிறு நிலையம் கட்டினார். களனி கங்கையின் மேல் கிளையாறுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் தரலாம் என்று 1918இல் ஓர் ஆய்வுரையில் வாதிட்டார். அவர் கனவு கண்ட லக்ஸபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது.

அதே ஆண்டு வந்த 19ஆம் இலக்க மின்சாரச் சட்டம் உரிமம் வழங்குவதை ஒழுங்குபடுத்தியது. 1969இன் 17ஆம் இலக்கச் சட்டம் இலங்கை மின்சார சபையை உருவாக்கியது. உற்பத்தியும் கடத்துகையும் பெரும்பகுதி விநியோகமும் ஒரே கையில் சேர்ந்தன. விலை பற்றிய முடிவு சபைக்கும் அமைச்சுக்கும் இடையிலேயே நடந்தது. தேசிய வலையமைப்பு நெருங்க நெருங்கத் தோட்டங்களின் ஓடைப் பொறிகளில் பல கைவிடப்பட்டன.

பெயரளவில் ஓர் ஆணைக்குழு

2002இன் 35ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை அமைத்தது. அதே ஆண்டின் 28ஆம் இலக்க மின்சார மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. ஆதலால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லாமலே ஆணைக்குழு ஏழு ஆண்டுகளைக் கழித்தது. 2009இன் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அதன் 30ஆம் பிரிவின்படி கட்டணம் செலவைப் பிரதிபலிக்க வேண்டும். ஆணைக்குழுவின் அங்கீகாரமும் பெற வேண்டும். பொதுமக்கள் கருத்துக்கூறும் வழியும் திறந்தது.

விலை யார் கையில்?

அந்த ஏற்பாட்டுக்கான உண்மையான சோதனை பொருளாதார நெருக்கடியோடு வந்தது. 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. சராசரி என்ற சொல் அடித்தட்டின் நிலையை மறைத்துவிடும். மாதம் 30 அலகு பாவிக்கும் வீடு 2022 ஆகஸ்டுக்கு முன்பு அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா செலுத்தியது. ஆகஸ்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120 ரூபா என்றாக, பட்டியல் 360 ஆனது. பெப்ரவரியில் அவை 30, 400 என உயர, பட்டியல் 1,300 ரூபாவில் நின்றது. 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமே அப்போது 1,000 ரூபாவாகத்தான் இருந்தது.

இரண்டாவது உயர்வை ஆணைக்குழுவின் தலைவர் ஜனக்க ரத்நாயக்க எதிர்த்தார். ஏனைய உறுப்பினர்கள் அங்கீகரித்தார்கள். ஆணைக்குழுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் அவரைப் பதவி நீக்கும் தீர்மானத்தை அரசாங்கம் கொண்டுவர, 2023 மே 24 அன்று பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் அதை நிறைவேற்றியது. ஒழுங்குபடுத்துநரின் சுயாதீனம் எழுத்திலிருந்தாலும், அவரது பதவி பெரும்பான்மையின் கையில்தான் இருக்கிறது என்பதை அன்றைய வாக்கெடுப்பு காட்டியது.

எனினும் அமைப்பு செத்துவிடவில்லை. 2025இன் முதலாம் அரையாண்டுக்குக் கட்டணத்தை மாற்ற வேண்டியதில்லை என்று சபை கூறியபோது, மாகாணங்களில் கருத்துக் கேட்ட ஆணைக்குழு ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தது. சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் 2024இன் 36ஆம் இலக்கச் சட்டமும், உயர் நீதிமன்றம் சட்டமூலத்தை ஆராய்ந்து திருத்தங்களைச் சுட்டிய பிறகே நிறைவேறியது.

நீதிமன்றம் திறந்த வாசல்

சுன்னாகத்து வழக்கு இன்னொரு திருப்பம். யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் இயங்கிய தனியார் அனல்மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்தது குறித்த அடிப்படை உரிமை மனுவில், 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோர்தர்ன் பவர் நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அம்மக்கள் அந்நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்தவர்களல்லர். மின்சாரத்தால் பாதிக்கப்பட்டிருந்தாலே நீதி கோரப் போதுமான தகுதி என்ற நிலையை இத்தீர்ப்பு வலுப்படுத்தியது.

லயத்து வாசலில் சட்டம்

பார்க், கோட்லோஜ் போன்ற கந்தப்பளைத் தோட்டங்களின் லயங்களுக்கு இந்த வரலாறு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது? 2009ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் மட்டுமல்ல, இடத்தில் குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்றது. ஆனால் தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் இருக்கிறது. நாலைந்து தலைமுறையாகக் காம்பராவில் வாழும் குடும்பத்திடம் உறுதிப்பத்திரம் இல்லை. எனவே இணைப்புக்குத் தோட்ட நிருவாகத்தின் சம்மதக் கடிதம் கேட்பது வழக்கமாகிவிட்டது. கடிதம் கிடைக்காத வீடு பக்கத்துக் காம்பராவிலிருந்து கம்பி இழுத்துக்கொள்கிறது. லயங்களில் தீப்பிடித்ததற்கு மின்னொழுக்கே காரணம் என்ற செய்திகள் மலையகத்தில் அடிக்கடி வருகின்றன.

பலர் ஒரே மானியில் பாவிக்கும்போது அலகுகள் கூடி உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடுகின்றன. 30 அலகுக்குரிய சலுகை கைநழுவுகிறது. பட்டியலில் பெயரில்லாததால் ஆணைக்குழுவிடம் முறையிடுவதும் கடினம். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் பாவனையாளராகவே சட்டத்தின் முன் நிற்கிறார்கள்.

முடிவுரை

எழுபது ஆண்டுகளில் மின்சார ஒழுங்குமுறை அமைச்சரின் மேசையிலிருந்து ஆணைக்குழுவுக்கும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் விரிந்திருக்கிறது. மலையகத்தில் அது தடைப்படுவது மின்சாரச் சட்டத்தில் உள்ள ஓட்டையால் அல்ல. காணிச் சட்டம் அதன் குறுக்கே நிற்பதால். குடியிருப்பவருக்கு ஏற்கெனவே எழுதப்பட்ட உரிமையை, நிருவாகத்தின் கடிதம் இல்லாமலே நிறைவேற்றும் விதியொன்றை ஆணைக்குழு வகுத்தால் போதும். வீட்டுக்கு வீடு மானி வரும். அதன்பின் கட்டண விசாரணையில் தோட்டத் தொழிலாளியும் ஒரு தரப்பாக நின்று பேச முடியும்.