வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பார்சல்: சுங்க வரி எவ்வளவு? விதிகள் கூறுவது என்ன?

புதுதில்லி: வெளிநாட்டு இணையதளங்களில் புத்தகம், கைக்கடிகாரம், அழகுசாதனப் பொருள், கேமரா உதிரிபாகம் என சிறிய பொருள்களை வாங்குவோர், பார்சல் வாசலுக்கு வந்த பிறகே சுங்க வரி குறித்து அறிந்துகொள்கின்றனர். பொருளின் விலையில் கணிசமான பங்கை வரியாகச் செலுத்த நேரிடும்போது, 'மலிவு' எனக் கருதி வாங்கிய பொருள் உள்நாட்டுச் சந்தை விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு.

பரிசு என்ற சலுகை

தபால் அல்லது கூரியர் மூலம் 'பரிசு' என வரும், ரூ.5,000 வரை மதிப்புள்ள பொருள்களுக்கு முன்பு வரிவிலக்கு இருந்தது. உறவினர்கள் அனுப்பும் அன்பளிப்புக்கான இந்தச் சலுகையை, சில வெளிநாட்டு மின்வணிக நிறுவனங்கள் விற்பனைப் பொருள்களை அனுப்பவும் பயன்படுத்துவதாகப் புகார்கள் எழுந்தன.

இதையடுத்து, பரிசு என்ற பெயரில் வரியின்றிப் பொருள்களை இறக்குமதி செய்ய அந்நிய வர்த்தகத் தலைமை இயக்ககம் 2019 டிசம்பர் 12-இல் தடை விதித்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக் கயிறுகளுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ராக்கியுடன் அனுப்பப்படும் பரிசுப் பொருளுக்கு விலக்கு இல்லை. உரிய வரியை முழுமையாகச் செலுத்தி பரிசுகளைப் பெறுவதற்குத் தடையில்லை.

குறைந்தபட்ச வரம்பு

இந்தியாவில் சிறு பார்சல்களுக்கான விலக்கு பொருளின் விலையைப் பொருத்ததல்ல. சுங்கச் சட்டம் 1962-இன் 25(6) பிரிவின்படி, செலுத்த வேண்டிய வரி ரூ.100 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மட்டுமே வசூலிக்கப்படாது. எனவே, சில நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருளுக்கும் வரி வர வாய்ப்புள்ளது.

கணக்கிடும் முறை

சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதி செய்யப்படும் பொருள்கள் மீதான சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு 2026-27 மத்திய பட்ஜெட்டில் இடம்பெற்றது. பொருளின் விலையுடன் அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்தே வரி கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகையுடன் சுங்க வரியைக் கூட்டி, அதன் மீது ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி விதிக்கப்படுகிறது.

உதாரணமாக, பொருளின் விலை ரூ.4,000, அனுப்பும் கட்டணம் ரூ.1,000 எனக் கொள்வோம். சுங்க வரி 10 சதவீதம் எனில் ரூ.500. மொத்தம் ரூ.5,500 மீது ஜிஎஸ்டி 18 சதவீதம் எனக் கொண்டால் ரூ.990. ஆக, வரி மட்டும் ரூ.1,490. சுங்க வரி 20 சதவீதமாக இருந்தால் இதே பொருளுக்கு ரூ.2,080 செலுத்த நேரிடும். கூடுதல் வரிகள் பொருந்தினால் தொகை மேலும் உயரும். கூரியர் நிறுவனங்கள் வசூலிக்கும் கையாளும் கட்டணம் தனி.

தடை செய்யப்பட்டவை

வரி செலுத்தினாலும் சில பொருள்களைப் பெற முடியாது. மின்னணு சிகரெட்டுகளுக்கு 2019 முதலும், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகள் தவிர்த்து முழுமையாகத் தயாரிக்கப்பட்ட ட்ரோன்களுக்கு 2022 பிப்ரவரி முதலும் இறக்குமதித் தடை அமலில் உள்ளது. இத்தகைய பார்சல்கள் பறிமுதல் செய்யப்படலாம். செலுத்திய பணத்தை விற்பனையாளர் திருப்பித் தருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

உலகெங்கும் இறுகும் விதிகள்

ஐரோப்பிய ஒன்றியம், 22 யூரோ வரையிலான பார்சல்களுக்கு அளித்துவந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா, 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கான சுங்க வரி விலக்கை சீனா, ஹாங்காங் பொருள்களுக்கு 2025 மே 2-ஆம் தேதியும், பிற நாடுகளின் பொருள்களுக்கு ஆகஸ்ட் 29-ஆம் தேதியும் நிறுத்தியது. இதனால் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல் சேவையை இந்திய அஞ்சல் துறை 2025 ஆகஸ்ட் 25 முதல் நிறுத்திவைத்து, அக்டோபர் 15-இல் மீண்டும் தொடங்கியது.

வாங்குவோர் கவனத்துக்கு

விற்பனைத் தளம் காட்டும் விலையில் இறக்குமதி வரி அடங்கியுள்ளதா என்பதைப் பணம் செலுத்தும் முன்பே உறுதி செய்துகொள்வது அவசியம். விலைப்பட்டியல், பணம் செலுத்தியதற்கான சான்று, அடையாள ஆவணம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்தால் தாமதத்தைத் தவிர்க்கலாம். மதிப்பைக் குறைத்துக் காட்டவோ 'பரிசு' எனக் குறிப்பிடவோ விற்பனையாளரிடம் கேட்பது ஆபத்தானது. தவறான தகவல் கண்டறியப்பட்டால், பார்சலைப் பெறுபவரே அபராதத்தையும் பறிமுதலையும் எதிர்கொள்ள நேரிடும்.